ஐந்து முப்பத்திரண்டு

டயரை உதைத்துப் பார்த்தாயிற்று.
கதவு, வைப்பர், கண்ணாடி மூன்று,
சக்கர நாற்காலிக்கான சாய்தளம், எல்லாம் சரி.
புக்கிட் பாத்தோக் டிப்போவில்
இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது.
இன்ஜினைப் போடுவதற்கு முன்
ஸ்டியரிங் மேல் கைகளைக் கோத்து
ஜெபிக்கிறவன் நான், பதினாறு வருடமாக.

பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை.
வெளிச்சம் இறங்கியதில்லை.
பாதி நாள் கொட்டாவி.
பிதாவே என்று தொடங்கி
மகளின் கணக்குப் பாடம், தண்ணீர் பில்,
கிளினிக்கில் சொன்ன சர்க்கரை எண் என்று
சுற்றிவிட்டு ஆமெனுக்கு வந்து சேர்வேன்.
வந்து சேர்கிறேன் என்பதுதான் விஷயம்.

சபையில் சாட்சி சொல்கிறவர்கள்
இடியும் மின்னலுமாகச் சொல்வார்கள்.
என்னிடம் இருப்பது கால அட்டவணை.
ஐந்து முப்பத்திரண்டு வண்டி
இன்றைக்கு மனசில்லை என்று
ஒருநாளும் சொன்னதில்லை.
ஆள் நிற்காத நிறுத்தத்தையும்
வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

தம்பி நேசகுமாருக்கு
இரண்டு சிறுநீரகமும் போனபோது
பதினொரு நிமிடமும் அவன் பெயர்தான்.
வாரம் மூன்று நாள் அவன் இரத்தம்
குழாய் வழியே வெளியே போய்த் திரும்பி வந்தது.
நானும் அப்படித்தான்
தினமும் போய்த் திரும்பி வந்தேன்.
மூன்று வருடம்.

ஜூலையில் மண்டாயில் அவனைக் கொடுத்துவிட்டு
மறுவாரம் வேலைக்கு வந்தேன்.
டயர். கதவு. வைப்பர்.
மிச்ச நிமிடங்களில் கைபேசியைத் தேய்த்தேன்.
யாருடைய மீன் குழம்போ, யாருடைய பூனையோ.
கைகளுக்கு மட்டும் சேதி தெரியாது.
கைபேசியை வைத்ததும் அவை பாட்டுக்கு
ஸ்டியரிங் மேல் போய்க் கோத்துக்கொண்டன.
பிரித்து எடுத்தேன்.

பிளாக் நூற்றுப் பதினாறுக்கு எதிரே
ஒருவர் ஏறுவார். சீனர். துப்புரவு வேலை.
கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் கோப்பி ஓ.
வேறு ஆளே இல்லாத நிறுத்தத்தில்,
வரப்போகிற ஒரே பஸ்ஸுக்கு
அவ்வளவு தூரத்திலேயே கையை நீட்டிவிடுவார்.
பெயர் தெரியாது. அவருடைய ‘மார்னிங்’ தெரியும்.

அன்றைக்கு மழை.
மனசு மண்டாயில்.
தாண்டிப் போய்விட்டேன்.
பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தேன்:
சிறுத்துக்கொண்டே போகிற ஆள்,
கை இன்னும் இறங்கவில்லை.

திரும்ப முடியாத சாலை.
நாள் முழுக்க அந்தக் கை
கண்ணாடியை விட்டுப் போகவில்லை.
புகார் எழுதுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஐந்து நாற்பத்தொன்பது.
அதே விளக்குக் கம்பம். அதே பை.
அதே கை.
ஏறினார். கார்டு ‘டிட்’ என்றது.
‘மார்னிங்’ என்றார்,
நேற்று என்று ஒரு நாளே இல்லாதது போல.
கதவை மூட எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

இத்தனை வருடமும்
நான்தான் நிறுத்தத்தில் நிற்கிறவன்,
வருகிறாரா என்று எட்டிப் பார்க்கிறவன்
என்றல்லவா எண்ணியிருந்தேன்.
ஆண்டவரே,
நீர் எத்தனை மழையில் நின்றீர்?
முப்பத்தேழு நாள்
நான் வேகம்கூடக் குறைக்கவில்லையே.

தம்பியைப் பற்றி உம்மிடம்
கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது.
அதை விடுவதாக இல்லை.
சண்டை பிடிப்பதற்கும்
ஒரு நேரத்துக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இன்று காலை டிப்போவில்
கைபேசியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
வார்த்தை வரவில்லை.
பதினொரு நிமிடமும் வெறுமனே இருந்தேன்,
இன்ஜின் போடாத வண்டிக்குள்
இன்ஜின் போடாத வண்டியாக.
கடைசியில் ஆமென் மட்டும் சொன்னேன்.

ஐந்து முப்பத்திரண்டு. கிளம்பியாயிற்று.
மழை இல்லை.
ஆனாலும் சாலை சரியாகத் தெரியவில்லை என்று
வைப்பரை ஒருமுறை ஓடவிட்டேன்.